ஓப்பன்ராக்கெட் மென்பொருள்: புதுப்பிப்புக்குப் பின் பிழை தேடுதல் – ஒரு திறனாய்வு

ஓப்பன்ராக்கெட் என்பது மாதிரி ராக்கெட்டுகளை வடிவமைத்து, அவை எவ்வாறு பறக்கும் என்பதைக் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்க உதவும் கட்டற்ற மென்பொருள் ஆகும். இவ்வாறு நிகழ்த்திப் பார்ப்பதைப் பாவனையாக்கம் என்பர். அட்டைக்குழாய், பால்சா மரத் துடுப்புகள், சிறிய திட எரிபொருள் மோட்டார் ஆகியவற்றால் ஆன ஒரு ராக்கெட் எத்தனை மீட்டர் உயரும், பாராசூட் எப்போது விரியும், நேராகச் செல்லுமா, காற்றில் கரணம் அடிக்குமா என்ற கேள்விகளுக்கு, ஏவுவதற்கு முன்பே விடை சொல்வது இதன் பணி.

மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின் ஒரு குழப்பம் எழுவதுண்டு. நேற்றுவரை 240 மீட்டர் என்று காட்டிய அதே வடிவமைப்புக் கோப்பு, இன்று வேறோர் எண்ணைக் காட்டும். புதிய பதிப்பில் வழு இருக்கிறது என்று சிலர் உடனே முடிவு கட்டுவர். புதியது என்பதால் அதுவே சரியாக இருக்கும் என்று வேறு சிலர் ஏற்றுக்கொள்வர். இரண்டுமே சோதிக்காமல் எடுக்கும் முடிவுகள். எண் ஏன் மாறியது என்று கண்டறிவதே பிழைதேடலின் முதல் வேலை. அந்த வேலைக்கு ஓப்பன்ராக்கெட் எவ்வளவு துணை செய்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் அடிப்படையும்

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாம்போ நிஸ்கானென் என்பவர் 2009ஆம் ஆண்டு தம் முதுநிலைப் பட்ட ஆய்வுக்காக உருவாக்கியது இம்மென்பொருள். ஜாவா மொழியில் எழுதப்பட்டது. மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். எந்தச் சமன்பாடு எதற்குப் பயன்படுகிறது என்பது அந்த ஆய்வேட்டிலேயே விளக்கப்பட்டுள்ளது. விலைக்கு விற்கப்படும் ராக்சிம் போன்ற மென்பொருள்களிலிருந்து இதை வேறுபடுத்தும் பெரிய சிறப்பு இதுவே.

ராக்கெட்டின் நிலைத்தன்மையைக் கணிக்க இது பேரோமேன் முறையை அடிப்படையாகக் கொள்கிறது. நாசாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பேரோமேன் 1960களின் நடுவில் இம்முறையை மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்காக எளிமையாக்கித் தந்தார். காற்று ராக்கெட்டின் மீது செலுத்தும் பக்கவிசைகள் எல்லாம் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால், அப்புள்ளி அழுத்த மையம் எனப்படும். ராக்கெட்டை விரலில் நிறுத்தினால் சமநிலையில் நிற்கும் இடம் ஈர்ப்பு மையம். ஈர்ப்பு மையம் முனைப் பக்கமும், அழுத்த மையம் துடுப்புப் பக்கமும் இருந்தால்தான் ராக்கெட் நேராகச் செல்லும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை உடற்குழாயின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது காலிபர் என்னும் அளவு. குறைந்தது 1 காலிபராவது இருக்க வேண்டும் என்பது மாதிரி ராக்கெட் துறையின் பொதுவிதி.

பேரோமேன் முறைக்குச் சில எல்லைகள் உண்டு. ராக்கெட் ஒல்லியாக இருக்க வேண்டும். காற்று ஏறக்குறைய நேர் எதிராக வர வேண்டும். வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ராக்கெட் சாயும்போது அதன் உடற்குழாய் தரும் தூக்குவிசையையும் ஓப்பன்ராக்கெட் கூடுதலாகக் கணக்கில் சேர்க்கிறது. ஆகவே பேரோமேன் சூத்திரத்தைக் கையால் போட்டுப் பார்க்கும் மாணவருக்கும் மென்பொருளுக்கும் சிறு வேறுபாடு வரலாம். அது வழு அன்று.

பதிப்புகளும் நீண்ட இடைவெளியும்

ஓப்பன்ராக்கெட் பதிப்புகளுக்கு ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்ணே பெயர். 15.03 என்பது 2015 மார்ச் மாதத்தைக் குறிக்கும். அதற்கு அடுத்த பெரிய பதிப்பு 22.02. பெயரின்படி பார்த்தாலே ஏழு ஆண்டு இடைவெளி. அதன் பின் 23.09, 24.12 எனப் பதிப்புகள் விரைவாக வரத் தொடங்கின.

இந்த இடைவெளி சிக்கலைப் பெரிதாக்கியது. ஏழு ஆண்டுகள் ஒரே பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் அதன் எண்களுக்குப் பழகிவிட்டனர். 22.02 பதிப்பிலோ உள்கட்டமைப்பே பெரும்பாலும் மாற்றி எழுதப்பட்டிருந்தது. பக்கவாட்டில் பொருத்தும் துணை உந்திகள் போன்ற புதிய கூறுகள் வந்தன. ஒரே ராக்கெட்டில் வெவ்வேறு மோட்டார்களை மாற்றிப் போட்டுப் பார்க்கும் பறத்தல் அமைவுகளைக் கையாளும் விதமும் மாறியது. சிறிது சிறிதாக வந்திருந்தால் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கலாம். ஒரே நாளில் வந்ததால், எந்த மாற்றம் எந்த எண்ணை அசைத்தது என்று பயனர் பிரித்தறிவது கடினமாயிற்று.

எண் மாறினால் என்ன ஆகும்?

விளையாட்டு ராக்கெட்தானே, சில மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக 2003 முதல் நடைபெறும் அமெரிக்க ராக்கெட் போட்டியில், குறித்த உயரத்திலிருந்து விலகும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தண்டப்புள்ளி. இலக்கு 800 அடி என்று வைத்துக்கொண்டால், மென்பொருள் விடையில் 3 விழுக்காடு பிசகு என்பது 24 அடி, அதாவது 24 புள்ளிகள். மாதக்கணக்கில் உழைத்த ஓர் அணியைப் பின்னுக்குத் தள்ள இது போதும்.

அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. சி6-5 என்ற மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சி என்பது மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு. 6 என்பது நியூட்டன் அளவில் சராசரி உந்துவிசை. 5 என்பது எரிபொருள் தீர்ந்ததிலிருந்து பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும் வரையிலான விநாடிகள். ராக்கெட் உச்சிக்குச் சென்று நிற்கும் நேரமும் இந்தத் தாமதமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும். மென்பொருள் தவறாகக் கணித்து, அதை நம்பி நீண்ட தாமதமுள்ள மோட்டாரைப் போட்டால், ராக்கெட் தலைகீழாக விழத் தொடங்கி வெகுநேரம் கழித்தே பாராசூட் வெளிவரும். துணி கிழியலாம், அல்லது விரிவதற்குள் முனை தரையில் குத்தலாம். நிலைத்தன்மைக் கணக்கு தவறினால் ராக்கெட் ஏவுகம்பியை விட்டதும் திசைமாறிப் பார்வையாளர் பக்கமே திரும்பக்கூடும்.

வழு போலத் தோன்றுபவை

புதுப்பிப்புக்குப் பின் வழு என்று சொல்லப்படுபவற்றுள் பல, நிரலின் தவறுகள் அல்ல. அவற்றுள் அடிக்கடி நேர்பவை இவை.

1. பழைய விடையே திரையில் நிற்றல். ஓப்பன்ராக்கெட் கோப்பில் வடிவமைப்பு மட்டுமன்றி, முன்பு நடத்திய பாவனையாக்கத்தின் விடைகளும் சேமிக்கப்படலாம். புதிய பதிப்பில் அக்கோப்பைத் திறந்தால், பட்டியலில் முதலில் தெரிவது பழைய பதிப்பு கணித்த உயரமாகவே இருக்கலாம். மீண்டும் ஓட்டிய பிறகே புதிய எண் வரும். இதை அறியாதவர், ஒரு வரிசையை மட்டும் ஓட்டிவிட்டு, பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டு, ஒரே மென்பொருள் இரண்டு விதமாகச் சொல்கிறது என்பார். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் உள்ள சிறு குறியீடு, அது கோப்பிலிருந்து வந்ததா, இப்போது கணித்ததா என்பதைக் காட்டும். ஆனால் அது கண்ணில் படாத அளவு சிறியது.

2. காற்றின் தற்செயல் தன்மை. காற்று சீராக வீசுவதில்லை என்பதால், மென்பொருள் அதில் தற்செயலான ஏற்ற இறக்கங்களைச் சேர்க்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு விதை எண்ணிலிருந்து பிறக்கிறது. விதை எண் மாறினால் உயரமும், இறங்கும் இடமும் சற்றே மாறும். எனவே காற்று வீசும் நிலையில் எடுத்த இரண்டு விடைகளை ஒப்பிட்டு, பதிப்பு மாறியதால் வந்த வேறுபாடு என்று சொல்வது பொருந்தாது.

3. மோட்டார் தரவு மாறுதல். மோட்டாரின் உந்துவிசை ஒவ்வொரு கணமும் எவ்வளவு என்பதைக் காட்டும் வரைகோடுகளின் தொகுப்பு மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஒரே மோட்டாருக்கு வெவ்வேறு பேர் அளந்த, ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்ட வரைகோடுகள் இருப்பதுண்டு. புதிய பதிப்போடு புதிய தொகுப்பு வரும்போது, பெயர் ஒன்றாகவே இருக்க, வரைகோடு வேறாக இருக்கலாம். இங்கே சமன்பாடு மாறவில்லை. உள்ளே சென்ற தரவு மாறியது.

4. தாமே எழுதிய மோட்டார் கோப்புகள். ராஸ்ப் என்னும் பழைய வடிவில் மோட்டார் தரவை எழுதிச் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் விட்டமும் நீளமும் மில்லிமீட்டரிலும், நிறை கிலோகிராமிலும் இருக்க வேண்டும். 24 கிராம் மோட்டாரை 0.024 என்று எழுதுவதற்குப் பதில் 0.24 என்று எழுதினால் மோட்டார் பத்து மடங்கு கனத்துவிடும். வரைகோட்டின் கடைசி வரியில் உந்துவிசை சுழியமாக முடிய வேண்டும் என்ற விதியும் உண்டு. இத்தகைய கோப்பு ஒரு பதிப்பில் குறையின்றித் திறந்து, மற்றொன்றில் மறுக்கப்பட்டால், பழி புதிய பதிப்பின் மேல் விழுகிறது.

5. பிற மென்பொருளிலிருந்து கொண்டுவந்த கோப்புகள். ராக்சிம் கோப்புகளை ஓப்பன்ராக்கெட் திறக்கும். ராக்சிம் மென்பொருளில் பேரோமேன் முறையோடு அதற்கே உரிய வேறொரு முறையும் உண்டு. அம்முறையில் கணித்த அழுத்த மையத்தோடு ஓப்பன்ராக்கெட் விடையை ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போக வேண்டிய தேவையே இல்லை.

நிறைக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஆபத்து

மேலே சொன்னவற்றை விட நுட்பமானது, கைப்படக் கொடுக்கும் நிறை. மென்பொருள் பொருளின் அடர்த்தியை வைத்து ஒவ்வோர் உறுப்பின் நிறையையும் கணிக்கிறது. தராசில் நிறுத்துப் பார்த்தவர் அந்த எண்ணை நீக்கிவிட்டுத் தாம் கண்ட நிறையைக் கொடுக்கலாம். அந்த நிறை, உள்ளே பொருத்தியுள்ள சிறு உறுப்புகளையும் சேர்த்ததா, சேர்க்காததா என்று தேர்வுசெய்ய ஒரு கட்டம் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. உடற்குழாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். ஏவும்போது ராக்கெட்டின் மொத்த நிறை 90 கிராம். நிலைத்தன்மைக்காக முனைக் கூம்புக்குள் 10 கிராம் களிமண் வைத்துள்ளனர். அது ஈர்ப்பு மையத்திலிருந்து 250 மில்லிமீட்டர் முன்னே இருக்கிறது. மாணவர் களிமண்ணோடு சேர்த்தே கூம்பை நிறுத்து அந்த எண்ணைக் கொடுக்கிறார். ஆனால் மேற்சொன்ன கட்டம் தேர்வாகவில்லை. மென்பொருள் களிமண்ணை இரண்டாம் முறையும் கூட்டுகிறது. இப்போது அதன் கணக்கில் ராக்கெட் 100 கிராம். ஈர்ப்பு மையம் 10 × 250 ÷ 100, அதாவது 25 மில்லிமீட்டர் முன்னே நகர்கிறது. அது சரியாக ஒரு காலிபர். உண்மையில் 0.6 காலிபர் மட்டுமே உள்ள, பறக்கவிடக்கூடாத ராக்கெட்டுக்கு, திரையில் 1.6 காலிபர் என்ற நற்சான்று கிடைக்கிறது.

இதில் மென்பொருள் எந்தப் பிழை அறிவிப்பும் தராது, தரவும் முடியாது. கொடுத்த எண்ணை அது சரியாகவே கூட்டியது. ஒரு கட்டத்தின் பொருள் பதிப்புக்குப் பதிப்பு சற்றே நுணுக்கமாகும்போது, இத்தகைய இடங்களையே முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

உண்மையான வழுக்கள்

நிரலில் வழுவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. 15.03 பதிப்பு, கணினியில் தனியே நிறுவப்பட்ட ஜாவாவை நம்பி ஓடியது. ஜாவா புதுப்பிக்கப்பட்டபோது, ராக்கெட் மென்பொருளில் ஓர் எழுத்துகூட மாறாமலே அது தொடங்க மறுத்ததும், பாதியில் நின்றதும் உண்டு. 22.02 முதல் நிறுவியிலேயே தேவையான ஜாவாவும் சேர்ந்து வருவதால் இத்தொல்லை பெரிதும் தீர்ந்தது. முப்பரிமாணக் காட்சி கணினியின் வரைகலை இயக்கியைச் சார்ந்தது. பழைய கணினிகளில் திரை வெறுமையாகிவிட்டால், விருப்பத்தேர்வுகளில் அக்காட்சியை நிறுத்திவிட்டு இருபரிமாணப் படத்தோடு வேலையைத் தொடரலாம். கணக்குக்கு முப்பரிமாணப் படம் தேவையில்லை.

இவை கண்ணுக்குத் தெரியும் வழுக்கள். மென்பொருள் நின்றுபோனால் யாரும் ஏமாறுவதில்லை. நிற்காமல் ஓடி, அழகான வரைபடத்தோடு தவறான எண்ணைத் தருவதே அஞ்ச வேண்டியது. பல அடுக்கு ராக்கெட், துணை உந்தி, ஒன்றுக்கு மேற்பட்ட பாராசூட் என அமைப்பு சிக்கலாகும்போது, நிரல் எழுதியவர்கள் எதிர்பாராத சேர்க்கைகள் உருவாகின்றன. புதிய பதிப்பின் வழுக்களைத் தேட வேண்டிய இடம் அதுவே. மூன்று துடுப்பும் ஒரு மோட்டாரும் கொண்ட எளிய ராக்கெட்டின் கணக்கோ பல்லாண்டுகளாகப் பலர் கையில் சோதிக்கப்பட்டது.

பிழை தேடும் முறை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது பள்ளி ஆய்வுக்கூடத்தில் கற்பிக்கும் முதல் விதி. இங்கும் அதுவே வழிகாட்டி.

1. கோப்பின் படியெடுத்து வைத்துக்கொண்டு, படியை மட்டும் புதிய பதிப்பில் திறக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு முழுமையாகப் படிக்கும் என்ற உறுதி இல்லை.

2. எல்லாப் பாவனையாக்கங்களையும் மீண்டும் ஓட்ட வேண்டும். பழைய விடைகளை நம்பக்கூடாது.

3. காற்றின் வேகத்தைச் சுழியமாக்கி, ஏவுகம்பியைச் செங்குத்தாக வைத்து, இரு பதிப்புகளிலும் ஒப்பிட வேண்டும். ஏவுகம்பியின் நீளம், ஏவிடத்தின் உயரம், வெப்பநிலை, கணக்கின் காலப்படி ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. பறத்தலை விட்டுவிட்டு, முதலில் மூன்று எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும்: மொத்த நிறை, ஈர்ப்பு மையம், அழுத்த மையம். நிறை வேறுபட்டால் உறுப்புகளில் கோளாறு. அழுத்த மையம் மட்டும் வேறுபட்டால் கணக்கு முறையிலோ வடிவ அளவிலோ மாற்றம். மூன்றும் ஒத்திருந்தும் உயரம் வேறுபட்டால், மோட்டார் தரவையோ காற்றுத்தடைக் கணக்கையோ ஐயுற வேண்டும்.

5. இன்னும் புலப்படாவிட்டால், உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கி, வேறுபாடு மறையும் வரை எளிமையாக்க வேண்டும். எதை நீக்கியபோது மறைந்ததோ, அங்கேதான் காரணம். அந்தச் சிறிய கோப்பைப் பதிப்பு எண்ணோடு மென்பொருள் குழுவுக்கு அனுப்பினால் திருத்துவோருக்குப் பேருதவி. வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

இவற்றோடு ஒரு கைக்கணக்கும் வேண்டும். சி6 மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு ஏறக்குறைய 9 நியூட்டன்-விநாடி. எரியும் நேரம் சுமார் 1.9 விநாடி. எரியும்போது ராக்கெட்டின் சராசரி நிறை 85 கிராம் எனக் கொள்வோம். 9 ÷ 0.085 என்பது விநாடிக்கு 106 மீட்டர். புவியீர்ப்பு எரியும் நேரத்தில் அதில் 19ஐக் குறைக்கும், எஞ்சுவது 87. இந்த வேகத்தோடு மேலே செல்லும் தூரம் 87ஐ இருமடியாக்கி 19.6ஆல் வகுத்தால் 386 மீட்டர். எரியும்போது ஏறியது சுமார் 83 மீட்டர். மொத்தம் ஏறக்குறைய 470. மோட்டாரின் உந்துவிசை தொடக்கத்தில் மிகுந்து பின் குறைவதால் சிறிது கூடலாம். ஆயினும் 500ஐ எட்டாது. இது காற்றே இல்லாத உலகின் உயரம். காற்றுத்தடை உள்ள நம் உலகில் உயரம் இதைவிட வெகுவாகக் குறையும். மென்பொருள் 240 என்றால் நம்பத்தக்கது. 600 என்றால், எந்தப் பதிப்பு சொன்னாலும், எங்கோ தவறு உள்ளது. ஐந்து வரிக் கணக்கு இது. சரியான விடையை இது தராது. தவறான விடையை வாசலிலேயே தடுத்துவிடும்.

கடைசிச் சோதனை மேசையின் மேல் நடப்பது. மோட்டாரும் பாராசூட்டும் பொருத்திய ராக்கெட்டைத் தராசில் நிறுக்க வேண்டும்; நூலில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தைக் குறிக்க வேண்டும். அந்த இரண்டு எண்களோடு ஒத்துப்போகாத பாவனையாக்கத்தை வைத்து ஏவக்கூடாது. மேலே சொன்ன களிமண் தவறு இச்சோதனையில் ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

மென்பொருளின் குறைகள்

ஓப்பன்ராக்கெட்டின் மீது வைக்கத்தக்க குறைகள் மூன்று.

முதலாவது, அது மாற்றத்தைச் சொல்வதில்லை. பழைய பதிப்பில் உருவான கோப்பைத் திறக்கும்போது, அதில் சேமித்த உயரம் இது, இப்போது கணித்தால் வருவது இது, வேறுபாடு மோட்டார் தரவால் வந்தது என்று ஒரு சிறு அட்டவணை காட்டினால், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பழைய விடை கோப்பிலேயே இருக்கும்போது இதைச் செய்வது இயலாததன்று.

இரண்டாவது, எண்ணைத் தரும் அது, எண்ணின் ஐயத்தைத் தருவதில்லை. துடுப்பின் மெருகு, மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும் உந்துவிசை, அன்றைய காற்று என எல்லாம் நிச்சயமற்றவை. இருந்தும் திரையில் உயரம் ஒற்றை எண்ணாக நிற்கிறது. அதைக் காணும் மாணவர், பதிப்புக்குப் பதிப்பு வரும் இரண்டு மீட்டர் வேறுபாட்டைப் பெரும் பிழையாக எண்ணுகிறார். ஒரு வீச்சாகக் காட்டியிருந்தால் அந்த இரண்டு மீட்டர் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும்.

மூன்றாவது, எச்சரிக்கைகள் மிகச் சுருக்கமானவை. ஏதோ எல்லை மீறப்பட்டது என்று சொல்கின்றனவே தவிர, விடையை எந்த அளவு பாதிக்கும், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொடக்க நிலை மாணவருக்குப் புரியும்படி சொல்வதில்லை.

மதிப்பீடு

இக்குறைகளுக்கு அப்பாலும் ஓப்பன்ராக்கெட் கற்பவருக்கு ஏற்ற மென்பொருள். விலையில்லை என்பது காரணங்களுள் ஒன்று மட்டுமே. ஐயம் வந்தால் சமன்பாட்டை ஆய்வேட்டில் காணலாம். நிரலைத் திறந்து பார்க்கலாம். கோப்பே சுருக்கிவைத்த உரைதான் என்பதால் அதையும் விரித்துப் படிக்கலாம். மூடிய மென்பொருளில் எண் மாறினால், அதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி மட்டுமே எஞ்சும். இங்கே ஏன் என்ற கேள்விக்கு விடை தேடிச் செல்லப் பாதை இருக்கிறது.

அப்பாதையில் நடக்க வேண்டியவர் பயனரே. புதுப்பிப்பு என்பது பழைய நம்பிக்கைகளை மறுபடி சோதிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. ஏழு ஆண்டுகளாகச் சரி என்று கருதிய ஒரு கோப்பில், ஒரு கட்டம் தேர்வாகாமலே கிடந்ததைப் புதிய பதிப்பு வந்த பிறகுதான் ஒருவர் காணக்கூடும். தராசும், நூலும், ஐந்து வரிக் கணக்கும் கையில் உள்ள மாணவருக்கு எந்தப் பதிப்பும் அச்சம் தராது. அவை இல்லாதவருக்கு வழுவே இல்லாத மென்பொருளும் பாதுகாப்புத் தராது.